உள்வெட்டின் திசை

என் தங்கையின் முதல் பிரசவத்துக்குத் தியாகராய நகர் நர்சிங் ஹோமில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒரே தாள். பதினொரு வரிகள். அவற்றில் ஏழு குழந்தையைப் பற்றியவை: எடை, நீளம், தலைச் சுற்றளவு, அழுத நேரம், போட்ட ஊசிகள். தாயைப் பற்றி இருப்பதில் முக்கியமானதை ஆங்கிலத்திலிருந்து தமிழில் தருகிறேன்: “கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் சிசேரியன் செய்யப்பட்டது. காலை 10.42க்கு உயிருள்ள ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.”

அதே நாளுக்கு என் டைரியில் இருப்பது: ஆவணி, இரண்டாம் வியாழன். 9.50க்கு அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். 10.42 குழந்தை. 10.44 நர்ஸ் வெளியே வந்து சொன்னாள். 10.45 தங்கையின் மாமனார் தன் கைக்கடிகாரத்தை என்னுடையதோடு ஒத்துப் பார்த்தார். 10.50 ஜோசியருக்குப் போன். 11.20 எல்லோருக்கும் காபி.

தையல் போட்டு முடித்து அவளை வெளியே கொண்டுவந்த நேரம் அதில் இல்லை. முப்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் நான். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதியிருப்பேன். கூடப்பிறந்தவள் எப்போது வெளியே வந்தாள் என்று எழுதவில்லை. மற்றவர்களைத் திட்டத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

அந்த வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது டாக்டர் இல்லை, மாமனார். மயிலாப்பூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர்மேல் எனக்கு அன்றைக்கும் மரியாதை இல்லை, இன்றைக்கும் இல்லை. பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர், “குழந்தை குறுக்கே படுத்திருக்கு. திரும்பறதுக்கு இன்னும் டைம் இருக்கு, பாப்போம்” என்றுதான் சொன்னார். மாமனாருக்குப் பார்க்கப் பொறுமையில்லை.

“பதினெட்டு நாள் கழிச்சுப் பொறந்தா என்ன நட்சத்திரம் தெரியுமோ? நம்மாத்துக்கு ஆகாது. எப்படியும் குறுக்கதானே கெடக்கு, கத்திதானே வெக்கப் போறா? அதை ஒரு நல்ல நாளாப் பாத்து வெக்கட்டுமே!”

ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நர்சிங் ஹோம் டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தார். பத்தரையிலிருந்து பதினொன்று பத்துக்குள். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “பதினொண்ணு பத்துக்குள்ள எடுத்துட்டா போதும், இல்லையா சார்?” என்று கேட்டார். ரவிக்கை என்றைக்கு வேண்டும் என்று தையல்காரர் கேட்கிற மாதிரி. அந்த நர்சிங் ஹோமில் அது வழக்கம். நல்ல நட்சத்திரம் வருகிற நாளில் தியேட்டர் காலையிலேயே நிரம்பிவிடும். என் தங்கையின் பெயரோடு அன்றைக்கு நான்கு பெயர்கள் இருந்தன. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. டைரியில் “வேடிக்கை” என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் செய்யவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் தையல் ஓரமாகப் பிரிந்து சீழ் வந்தது. மூன்று வாரம் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். அவள் இடுப்பை மடக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போவாள். அந்தச் சமயத்தில் மாமனார் குழந்தையின் ஜாதகத்தை நான்கு பிரதி எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். “லக்னத்துல குரு பாரு! இதுக்காகத்தான் சொன்னேன்.” படுக்கையிலிருந்து என் தங்கை, “அந்தக் குருவைக் கொஞ்சம் வந்து இந்தக் கட்டை மாத்தச் சொல்லுங்கோப்பா” என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து இரண்டாவது உண்டானது. அவளும் கணவனும் வேளச்சேரிக்குக் குடிபோயிருந்தார்கள். இந்தத் தடவை கத்தியே கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அடையாறில் ஒரு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கிற பிரசவ வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். பெரிய ரப்பர் பந்துமேல் உட்கார்ந்து மூச்சுவிடச் சொல்லித்தருவார்கள். ஒருநாள் துணைக்குப் போயிருந்தேன். சொல்லிக் கொடுத்த பெண்மணி, “உடம்புக்குத் தெரியும். அதை நம்பினா போதும். கத்தி வெச்சதெல்லாம் பயத்துனால வெச்சதுதான்” என்றாள். அந்தக் கூடத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே கத்தி வைத்திருந்தது என்று அவள் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் எங்களுக்குள் சண்டை. பஸ் ஸ்டாப்பிலேயே.

“உடம்புக்குத் தெரியும்ங்கறதெல்லாம் பேத்தல்டி. என் உடம்புக்கு ஒண்ணும் தெரியல” என்றேன்.

“ஒனக்கென்ன, நார்மல் டெலிவரி. மூணாம் நாள் எழுந்து நடந்தே. ஊரெல்லாம் சுகப்பிரசவம்னு சொன்னா.”

பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அங்கே நின்று சொன்னேன். என் மகன் தலை வராமல் வாக்குவம் கிண்ணம் வைத்து இழுத்தார்கள். கிழிசல் பின்வாசல்வரை போனது. எட்டு மாதம் மலத்தை அடக்க முடியவில்லை. புடவைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகாமல் பின்வரிசை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். இன்றைக்கும் தும்மினால் பயம்.

அவள், “நீதான் எல்லாத்தையும் எழுதிண்டே இருப்பியே. இதை எழுதினியா?” என்றாள்.

எழுதவில்லை.

“எழுதாத விஷயத்தை வெச்சுண்டு என்னை மெரட்டாதே” என்று சொல்லிவிட்டு வேளச்சேரி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அவளுக்கு அடையாறில் ஒரு டாக்டர் கிடைத்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. சிரிக்கவே மாட்டார். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவர்தான். முதல் நாளே தெளிவாகச் சொன்னார்.

“சிசேரியனுக்கு அப்பறம் நார்மல் டெலிவரிக்கு முயற்சி பண்ணலாம். பண்ணக்கூடாதுன்னு இல்லை. மறுபடி மறுபடி வெட்டறதிலயும் ஆபத்து இருக்கு. அடுத்த தடவை நஞ்சுக்கொடி பழைய தழும்புல போய் ஒட்டிக்கலாம், பக்கத்துல மூத்திரப்பை இழுத்துக்கிட்டு நிக்கலாம். ஆனா நீங்க வலி எடுக்கணும்னா எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். உள்ள கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்க?”

தங்கை அடிவயிற்றைத் தொட்டுக்காட்டி, “குறுக்கதான் டாக்டர். இதோ” என்றாள்.

“அது தோல். தோல்ல குறுக்க இருந்தா உள்ளயும் குறுக்கன்னு அர்த்தம் இல்லை. கீழ்ப்பகுதியில குறுக்க வெட்டினது வலியைத் தாங்கும், பெரும்பாலும். மேல் பக்கமா ஒரு வெட்டு போயிருந்தா, வலி எடுக்கும்போது அந்த எடம் கிழிஞ்சுக்கும். கிழிஞ்சா குழந்தைக்கு நிமிஷக் கணக்குதான். உங்களுக்கும்தான். முதல் குழந்தை குறுக்க படுத்திருந்ததுன்னு சொல்றீங்க. அப்படிப்பட்ட குழந்தையை எடுக்கறப்ப மேல போகவேண்டி வர்றது உண்டு. ஆபரேஷன் நோட்டைக் கொண்டு வாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டாம், அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அடிப்பாங்க.”

இப்படியாக, அவள் உயிர் ஒரு தாளைப் பொறுத்தது என்று ஆனது. தாள் தேடுவது என் வேலை. மூன்று சனிக்கிழமை கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து பிரசவ மருத்துவப் பாடப்புத்தகங்களைப் படித்தேன். டாக்டர் சொன்னது அத்தனையும் அவற்றில் இருந்தது. பிறகு தியாகராய நகர் போனேன்.

நர்சிங் ஹோம் மாறியிருந்தது. வாசலில் புதுக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. ரெக்கார்டுக்கு என்று ஒருவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மேடம், நாலு வர்சத்து பேப்பரா? பழைய ரூமுல தண்ணி பூந்துச்சு. எல்லாம் ஊறிப்போயி குப்பைக்குப் போய்ட்ச்சு. தியேட்டர் ரிஜிஸ்டர் மட்டும் மேல கீது. வோணும்னா பாத்துக்குங்க.”

ரிஜிஸ்டரில் அன்றைய தேதிக்கு நான்கு பெண்கள், வரிசையாக. என் தங்கை மூன்றாவது. பெயர், வயது, மயக்க மருந்து, குழந்தை பிறந்த நேரம். நேரம் மட்டும் சிவப்பு மையில். நான்குமே பதினொன்று பத்துக்குள். உள்ளே எப்படி வெட்டினார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட அந்தப் பக்கத்தில் கிடையாது.

டாக்டரம்மாவை அடுத்த நாள் பார்த்தோம். தங்கையும் வந்தாள். அந்த அம்மாள் அவளை நினைவிருப்பதாகச் சொன்னார்; எனக்கு நம்பிக்கையில்லை. “நான் எப்பவும் கீழதான்மா போடுவேன். இதுக்கா ரெண்டு பேரும் அலையறீங்க? எழுதித் தர்றேன்” என்று லெட்டர்ஹெட்டை இழுத்து நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆட்டோவில் அந்தத் தாளை மடியில் வைத்துக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தாள்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். தேதி என்று போட்டிருந்தது முதல் ஆபரேஷன் நடந்த நாள். அன்றே எழுதியது போல. ஆனால் லெட்டர்ஹெட்டின் அடியில் வேளச்சேரிக் கிளையின் முகவரி இருந்தது. அந்தக் கிளை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திறப்பு விழா பேனரைத் தங்கையின் வீட்டு பால்கனியிலிருந்து நானே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

“இது நேத்து வரைக்கும் இல்லாத பேப்பர்டி. நம்ம கண் முன்னாடி எழுதினா. தேதியை மட்டும் பழசாப் போட்டிருக்கா.”

“அதனால என்ன? கீழ வெட்டினேன்னு அவாளே சொல்றா. வெட்டினவாளுக்குத் தெரியாதா?”

“அன்னிக்கு நாலு பேரை வெட்டினா. நாலு வருஷத்துல எத்தனை பேர்? ஞாபகத்துலேர்ந்து எழுதினது ரெக்கார்ட் இல்லை.”

“அக்கா, நீ வாயைத் தொறக்கப்படாது. டாக்டர்கிட்ட நான் குடுக்கறேன். நீ வெளில ஒக்காரு.”

நான் வெளியே உட்காரவில்லை. அடையாறு டாக்டர் தாளைப் படித்துத் தலையாட்டி ஃபைலில் வைக்கப் போகும்போது, “டாக்டர், இது முந்தாநாள் எழுதினது” என்றேன். கிளையின் முகவரியைக் காட்டினேன். அவர் தாளை என் தங்கையிடமே திருப்பிக் கொடுத்தார். “அப்படின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத தழும்பை வெச்சுக்கிட்டு நான் வலி எடுக்க விட மாட்டேன். ஆபரேஷன்தான். எந்த நாள்னு சொல்றேன்.”

படியிறங்கும்போது தங்கை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “ஒனக்கு ஒன் வயித்துல நடந்ததுக்கு என் வயித்துல பழிவாங்கணும்.”

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்ததா என்று அந்த ஐந்து வாரமும் யோசித்தேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த வகுப்புப் பெண்மணியின் முகத்தில் தோல்வியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் தாளும் பொய்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

மாமனார் இதற்கிடையில் அடையாறுக்கும் துண்டுச் சீட்டோடு போயிருக்கிறார். டாக்டர் அதைக் கையால்கூடத் தொடாமல், “இங்க நேரம் குறிக்கறது நான்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். “ரொம்பத் திமிர் அவளுக்கு” என்று தெருமுனையில் என்னை நிறுத்திச் சொன்னார். “உங்களைவிட ரெண்டு படி கம்மிதான் மாமா” என்றேன்.

டாக்டர் குறித்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு வலி கண்டது. அவள் கணவன் போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். 3.25க்குப் பெண் குழந்தை. இந்தத் தடவை தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வெளியே வந்தது 5.50.

டாக்டர் என்னையும் அவள் கணவனையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பழைய தழும்பு குறுக்கே மட்டும் இல்லை. குறுக்கு வெட்டின் நடுவிலிருந்து ஒரு வெட்டு மேலே போயிருந்தது. அந்த இடம் காகிதம் போலத் தேய்ந்து, உள்ளே குழந்தையின் முடி தெரிந்ததாம். மூத்திரப்பை தழும்போடு ஒட்டி மேலே ஏறியிருந்தது. பிரித்தபோது அது கிழிந்தது, தைத்தாயிற்று. இரண்டு வாரம் குழாய் இருக்கும். இனிமேல் குழந்தை வேண்டாமா என்று அவளிடம் முன்பே கேட்டுக் கருக்குழாயையும் கட்டியாயிற்று.

“இன்னும் ரெண்டு மணி நேரம் வலி எடுத்திருந்தா?” என்று கேட்டான் கணவன்.

“அந்தக் கேள்விக்கு இப்ப பதில் வேண்டாம்” என்றார் டாக்டர்.

மறுநாள் மாமனார் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “செவ்வாக்கெழமை, ராகு காலம். கொஞ்சம் பொறுத்திருந்தா நாலரைக்கு முடிஞ்சிருக்கும்.”

குழாயும் சலைனுமாகப் படுத்திருந்த என் தங்கை கண்ணைத் திறந்தாள். “அப்பா, நாலரைக்கு நீங்க எனக்குப் பாடை கட்ட ஏற்பாடு பண்ணிண்டிருப்பேள். எழுந்து வெளில போங்கோ.” அவர் மகனைப் பார்த்தார். மகன் முதல் தடவையாகக் கதவைத் திறந்துவிட்டான்.

என்னிடம் அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. குழாய் எடுத்த அன்றைக்குத்தான் பேசினாள். “ஒனக்கு ஒரு வேலை தரேன். அந்த மேல் வெட்டு அன்னிக்கு அவசியமா இருந்துதா, இல்லை பதினொண்ணு பத்துக்காக அவசரப்பட்டு வெட்டினாளா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

தியாகராய நகர் டாக்டரம்மாவுக்குப் பதிவுத் தபாலில் கேட்டு எழுதினேன். ஒப்புதல் அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பதில் இல்லை. நேரில் போனபோது மீட்டிங் என்றார்கள். இரண்டாவது தடவையும் மீட்டிங். மூன்றாவது தடவை வாசலில் நின்ற ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தியேட்டரில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறவர். அந்த வியாழக்கிழமையைச் சொன்னதும் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார்.

“நல்லா ஞாபகம் கீதும்மா. நாளு நல்லாகீதுன்னு நாலு பேரு அன்னிக்கு. ஒரு அம்மாக்குக் கொயந்த கை மொதல்ல வெளிய வந்துட்ச்சு. டாக்டரம்மா வேர்த்துக் கொட்டிக்கினு மேல இன்னொரு கீறு கீறி எட்த்தாங்க. இல்லாங்காட்டி கொயந்த பூட்டிருக்கும்.”

“அது மூணாவதா போனவளா?”

“அது எனுக்கு எப்டிம்மா தெரியும்? மூஞ்சிக்கு நேரா துணி கட்டிருவாங்க. நான் பாத்தது வவுத்தத்தான்.”

அந்தப் பெண் என் தங்கையாக இருந்தால், மேல் வெட்டு அவள் மகனைக் காப்பாற்றியது. அதை எழுதாமல் விட்டதும், பிறகு பொய்த் தேதி போட்டதும்தான் குற்றம். வேறு ஒருத்தியாக இருந்தால், என் தங்கையின் வயிற்றில் ஏன் அப்படி வெட்டினார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. மற்ற மூன்று பெண்களின் முகவரி கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். ஆயா சொன்னதைத் தங்கையிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். கை முதலில் வந்தது யாருடைய குழந்தைக்கு என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.